மேட்டில் முந்திரி, பள்ளத்தில் குடிதண்ணீர்

காசர்கோட்டிலிருந்து பதியடுக்கா வழியாகப் பெர்லா போகும் பேருந்தில் மலையாளம், கன்னடம், துளு மூன்றும் காதில் விழும். பெர்லாவைத் தாண்டி உள்ளே போனால் சுவர்க்கா என்றே ஒரு சிற்றூர், அதையடுத்துப் பட்ரே. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த நில அமைப்பு புதிது. முந்திரி குன்றின் மேல். வீடு, பாக்குத் தோப்பு, குடிதண்ணீர் எல்லாம் பள்ளத்தில். தண்ணீருக்காகச் செம்புறைக் கல் குன்றைக் கிடைமட்டமாகக் குடைந்து 'சுரங்கம்' வெட்டியிருக்கிறார்கள். உள்ளே கசியும் நீர் மோட்டார் இல்லாமலே தொட்டிக்கு வந்து சேருகிறது. நம் மலையோர விவசாயிகள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய வேலைப்பாடு இது.

அந்த மேட்டு முந்திரியில் தேயிலைக் கொசுவைக் கட்டுப்படுத்த, 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அரசுத் தோட்டக் கழகம் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது. மேலே விழுந்தது மழையோடு கீழே இறங்கியது. 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாத பாதிப்பும் உண்டு. தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இங்குள்ள பள்ளிப் பையன்களின் ரத்தத்தில் எண்டோசல்பான் கூடுதலாக இருந்தது, பருவமடைவதும் தள்ளிப்போயிருந்தது. ஹார்மோன் கணக்கே தடுமாறியிருக்கிறது.

ஹார்மோன் தடுமாறினால் சர்க்கரையும் கொழுப்பும் சும்மா இருக்காது. எண்டோசல்பானைப் போலவே குளோரின் கலந்த டி.டி.டி.யில் இதைப் பார்த்திருக்கிறார்கள். சினைச் சுண்டெலிகளுக்கு அதைக் கொடுத்தபோது, பிறந்த பெண் குட்டிகளின் உடல் குறைவான சக்தியையே எரித்தது. வளர்ந்து கொழுப்புத் தீவனம் தின்றதும் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யவில்லை. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் பண்ணைக் கூலிக் குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்ததில், கருவில் டி.டி.டி. அதிகம் பட்ட ஆண் பிள்ளைகள் 12 வயதில் கூடுதல் எடையோடு இருந்தார்கள்.

நம் டப்பாவில் இருக்கும் முக்கோண நிறம் இதையெல்லாம் சொல்லாது. எவ்வளவு உள்ளே போனால் உயிர் போகும் என்ற கணக்குதான் அந்தச் சிவப்பும் பச்சையும். 'பச்சைதானே சார்' என்று என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். பச்சை என்பதற்காக மாசமாக இருக்கும் பெண்ணை மருந்து கலக்க விடாதீர்கள். அடித்த ஈரம் காயாத வயலில் களை எடுக்கவும் அனுப்ப வேண்டாம். பெரும்பாலும் நாம் மறப்பது துவைக்கும் வேலையை. மருந்து அடித்த சட்டையை அடித்தவரே தனி வாளியில் துவைக்கட்டும். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கொழுப்பில் தங்கும் விஷம் தாய்ப்பாலிலும் இறங்கும் என்றால் பாலை நிறுத்திவிடலாமா என்று அடுத்து கேள்வி வரும். நிறுத்தக் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. பால் கொடுக்கும் மாதங்களிலும் தெளிப்பு வேலைக்கு வீட்டில் வேறு ஆள் போகட்டும்.