வண்டி காத்த இரவு

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரம் நோக்கிச் செல்லும் சாலையோரத்தில் எமது தோட்டத்துச் சாளை உள்ளது. தென்னையும் பாக்கும் சூழ்ந்த அவ்விடத்தே, தகரக் கொட்டகையொன்றின்கீழ் எமது மோட்டார் வண்டி நிற்கும். பிறர் ஓட்டிக் கழித்ததை வாங்கினோம். வாங்கிய கடன் பாதியும் தீர்ந்தபாடில்லை. சென்ற ஆடியில் அயல் தோட்டத்து வண்டியொன்று களவு போயிற்றென்று கேள்வியுற்றது முதல் எமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஸ்டீயரிங்கிற்கு ஒரு பூட்டு, சக்கரத்திற்கு ஒரு சங்கிலி, கொட்டகைக்கு ஒரு விளக்கு என ஒவ்வொன்றாய்ச் சேர்த்தோம்.

நண்பரொருவர், “இரும்புக் கேட்டுக்குக் கரண்டைக் குடுத்துப்போடுங்க, தொட்டவன் அங்கியே கெடப்பான்” என்றார். காட்டுயானைக்கு அஞ்சி வாழும் எம் பக்கத்தில் இது புதிய யோசனையன்று. பாட்டரியினின்று விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் வேலி வேறு. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சுவது வேறு. பின்னது யானையையும் கொல்லும், ஆளையும் கொல்லும்.

வக்கீலாயுள்ள பழைய வகுப்புத் தோழரை வினவினோம். அவர் பீஹாரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கொன்றைச் சொன்னார். தம் கழிப்பறையிற் பிறர் புகாதிருத்தற்பொருட்டு ஒருவர் மின்கம்பி கட்டினார். அயல்வீட்டுப் பெண்ணொருத்தி அதிற் பட்டு மாண்டாள். அத்துமீறி நுழைந்தாள் என்பதாலேயே அவளுயிர் காப்பற்றதாகிவிடாது என்று கருதிய நீதிமன்றம், தற்காப்பென்னும் வாதத்தைத் தள்ளி, 1963-இல் தண்டனையை உறுதி செய்தது.

1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை நின்ற தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை நிற்கின்றன. களவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், தேவையான அளவு அடிக்கவும் செய்யலாம். ஆனால் வெறுங் களவிற்காக உயிரைப் போக்குதல் ஆகாது. கொள்ளை, இரவில் வீடுடைத்துப் புகுதல், குடியிருப்பிற்குத் தீயிடல், தடுத்தால் தம்முயிர் போகும் அல்லது கொடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க களவு முதலியவற்றிலேயே அவ்வுரிமை அத்துணைத் தூரம் செல்லும். போலீஸாரை நாட அவகாசமிருப்பின் அவ்வுரிமையே இல்லை. அச்சத்தில் நடுங்குபவன் இவற்றையெல்லாம் எப்போது நிறுத்துப் பார்ப்பது என்று கேட்டோம். தோழர் நகைத்தார்.

மறுவாரம் நள்ளிரவில் கொட்டகையில் அரவங் கேட்டது. மண்வெட்டிக் காம்புடன் ஓடினோம். வண்டியின் அப்புறத்தே ஓர் உருவம்; அதன் கை கதவின்மேல். போலீஸாரும் பிரிவுகளும் நினைவில் இல்லை. காம்பை ஓங்கிவிட்டோம்.

“அடிச்சுப்போடாதீங்கண்ணா! ரோட்டுல ஆனை நிக்குதுங்க! வெளக்கப் பாத்து ஓடியாந்தனுங்க!”

அயல் தோட்டத்திற்குத் தண்ணீர் கட்டப் போந்த இளைஞன். நனைந்திருந்தான். இரு கைகளாலும் இரும்புக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வந்திருக்கிறான். நண்பர் மின்சாரம் கொடுக்கச் சொன்ன கதவு அதுவே. யானை பாக்குத் தோப்பின் வழியே அகலும் வரை அவனும் யாமும் வண்டிக்குள் அமர்ந்திருந்தோம். காம்பு எம் மடிமேற் கிடந்தது. அவன் அதனைப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.