பழங்கருவியும் பழுது காண்டலும்

பழையன யாவும் எறியத்தக்கன என்பாரும், பழையன யாவும் போற்றத்தக்கன என்பாரும் உலகில் உளர். இவ்விரு திறத்தாரும் ஆராயாது தீர்ப்பளிக்குங் குற்றமுடையர். பழுதுற்ற பொருளொன்றைக் கழிப்பதோ காப்பதோ, அதன் பழுது யாதென அறிந்த பின்னரே துணியத்தக்கது. இவ்வுண்மையை எமக்குத் தெளிவுறுத்தியது, நம் கல்லூரி இசையறையிலுள்ள பழைய ஸ்டீரியோ பிரீஆம்பிளிபையர் ஒன்றாகும்.

இசைத்தட்டினின்று ஊசி வாங்கும் மின்துடிப்பு மிக நுண்ணியது. அதனை முதற்கண் வளர்த்துச் செவ்வைப்படுத்தி, ஒலிபெருக்கிகளை இயக்கும் பெரிய ஆம்பிளிபையருக்கு அனுப்புவதே இக்கருவியின் தொழில். தடித்த ஓசைகளை ஏற்றவும் தாழ்த்தவும் பாஸ் குமிழும், கூரிய ஓசைகளுக்கு டிரெபிள் குமிழும் இதன் முகப்பில் உள. இத்தகைய அமைப்பிற் பெருவழக்காயுள்ள சுற்றினை வகுத்தவர் பீட்டர் பாக்ஸாண்டால் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அவர் 1952ஆம் ஆண்டில் ‘ஒயர்லெஸ் வேர்ல்டு’ என்னும் இதழில் அதனை வெளியிட்டார். வெளிவரும் துடிப்பின் ஒரு பகுதியைத் தலைகீழாக மீண்டும் உட்செலுத்தும் முறையால், குமிழ் நடுவில் நிற்கும்போது ஓசை கூடாமலும் குறையாமலும் செல்லுமாறு அவர் அமைத்தார். இந்நடுநிலை பின்னர் எமக்குப் பெருந்துணையாயிற்று.

கருவியின் பிணியை முதலிற் கண்டவர், கண்பார்வையில்லாத மாணாக்கர் ஒருவர். ஏனையோர் அச்சிட்ட இசைக்குறிகளைப் பார்த்துப் பயில, அவர் நாற்குரற் பாடல்களின் இசைத்தட்டுக்களைக் கேட்டே தமக்குரிய கீழ்க்குரலைப் பயின்று வந்தார். அவர்க்கு இக்கருவியே ஏடு. பாஸ் குமிழைத் திருப்பித் தம் பகுதியை எழுப்பிக் கேட்பார். டிரெபிள் குமிழைத் திருப்பிச் சொற்களைத் தெளிவாக்குவார். பாஸ் குமிழ் திருப்புந்தோறும் இருபுறமும் கரகரக்கின்றதென்றும், டிரெபிள் குமிழ் வலப்புறத்தில் மட்டுமே தொழிற்படுகின்றதென்றும் அவர் உரைத்தார். உள்ளுறுப்புக்கள் யாவற்றையும் மாற்றவேண்டும், அதனினும் புதியது வாங்குதலே நன்றென்றார் பழுது பார்ப்பார் ஒருவர். பழம்பொருள் வாங்குவோர்க்குக் கொடுத்துவிடலாமென்ற பேச்சும் எழுந்தது. கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கோ ஆறு வாரமே இருந்தது.

யாம் முதற்கண் செய்தது இடவலக் கம்பிகளை மாற்றிச் செருகியதே. உட்புகும் கம்பிகளை மாற்றினோம். டிரெபிள் குறை இடத்திலேயே நின்றது. ஆதலின் இசைத்தட்டுக் கருவி குற்றமற்றது. அவற்றைப் பழையபடி வைத்து, வெளிச்செல்லும் கம்பிகளை மாற்றினோம். குறை வலத்திற்குச் சென்றது. ஆதலின் பெரிய ஆம்பிளிபையரும் ஒலிபெருக்கியும் குற்றமற்றன. டோன் பகுதியை விலக்கும் பொத்தானை அழுத்தியபோது கரகரப்பு அறவே நீங்கிற்று. பழுதின் இருப்பிடம் இரு குமிழ்களின் அயலே என்பது, ஒரு திருகாணியும் கழற்றாமலே விளங்கிற்று.

பின்னரே மின்னிணைப்பை நீக்கி, கண்டென்சர்களில் தேங்கிய மின்சாரம் வடிந்ததை மீட்டரால் உறுதிசெய்து மூடியைத் திறந்தோம். குமிழின் பின்னே கரிப்பூச்சுடைய வளைந்த தடமும், அதன்மேல் ஊரும் உலோகத் தொடுவிரலும் உள; இடத்திற்கொன்றும் வலத்திற்கொன்றுமாக இவை ஓரச்சில் இரட்டையாய் அமைந்தவை. இடையே தூசியும் களிம்பும் படியின் தொடர்பு விட்டுவிட்டுக் கரகரப்பு எழும். மின்தொடர்புகளுக்கென்றே விற்கப்படும் துப்புரவுத் திரவத்தைச் சிறிது பீச்சி, முப்பது முறை முழுவீச்சிற் திருப்பினோம். கதவுக் கீலுக்கிடும் எண்ணெய் இவ்விடத்திற்கு ஆகாது. அது தூசியை ஈர்த்து வைத்துக்கொள்ளும். வலப்புறம் முற்றுந் தெளிந்தது. இடப்புறத்திலோ கரகரப்புக் குறைந்ததேயன்றி ஒழியவில்லை.

அழுக்கன்றி வேறொரு காரணமும் கரகரப்பிற்கு உண்டு. ஒலியாகிய மாறுமின்னோட்டம் மட்டுமே கரித்தடத்திற் செல்லவேண்டும். நேர்மின்னோட்டத்தை வாயிலில் தடுத்து நிறுத்துவது கண்டென்சர். அது முதுமையாற் கசியுமாயின், நேர்மின்னோட்டம் தடத்தில் ஏறி, தொடுவிரல் நகருந்தோறும் இரைச்சலாக வெளிப்படும். கருவியை இயக்கி அளந்தபோது வலத்தடத்தில் ஏறக்குறையச் சுழியமும், இடத்தடத்தில் அரை வோல்ட்டுக்கு மேலும் காட்டிற்று. அக்கண்டென்சர் ஒன்றை மட்டும் மாற்றினோம்; கரகரப்பு ஒழிந்தது. எமது டிரான்சிஸ்டர் கருவியாதலின் உட்சுற்றில் வோல்ட் குறைவு. வால்வுக் கருவியாயின் 200, 300 வோல்ட் உலவும். பயிலாதார் அதனுட் கைவைத்தல் உயிர்க்கு ஏதமாம்.

எஞ்சியது டிரெபிள். குமிழ் நடுவில் நிற்கையில் இருபுறமும் ஒத்தொலித்தன, திருப்பியபோதே வேறுபட்டன. ஆகவே ஒலியின் பெருவழி செவ்வை, தொடுவிரலின் கிளைவழியே அறுந்ததெனக் கொண்டோம். தொடுவிரற் காலினின்று பலகையின் செப்புக்கோட்டிற்கு அளக்க, வலத்தில் தடையே இல்லை. இடத்தில் தொடர்பே இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினோம். ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்பொன்று தோன்றிற்று. ஆண்டுக்கணக்காகப் பல கைகள் திருப்பிய விசையைத் தாங்கித் தளர்ந்தது அப்பற்று. பழைய ஈயத்தை நீக்கிப் புதிதாய் வைத்த அளவில் இடப்புறமும் கூர்மை பெற்றது.

ஸ்டீரியோ கருவியில் இது பெருநலன்: பிணியுற்றதன் அருகிலேயே அதன் இரட்டைப்பிறவி நலமுடன் இருக்கின்றது. ஒன்றின் நிலையை மற்றொன்றன் நிலையோடு ஒப்பிட, ஐயம் அகலும்.

ஆகிய செலவு ஒரு கண்டென்சரும் ஒரு துளி ஈயமும், சிறிது துப்புரவுத் திரவமுமே. அம்மாணாக்கர் இருபுறமும் நெடுநேரம் கேட்டுத் தலையசைத்த பின்னரே யாம் மூடியை முடுக்கினோம். கீத ஆராதனையில் அவர் தம் பகுதியைப் பிசகாது பாடினார். மாணவ அன்பர்களே! நூறு உறுப்புடைய கருவியில் இரண்டு தளர்ந்தமைக்காக நூற்றையும் எறிதல் எளிது. அவ்விரண்டும் எவை என்று தேடப் பொறுமை வேண்டும். அப்பொறுமையே கல்வியின் பயனுள் ஒன்றென யாம் கருதுகின்றோம்.