கொக்கி எங்கே சார் முதல்ல விரியும்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

திருவள்ளூரில் பதினோராம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, பள்ளித் தோழர்களோடு 2024-25 'ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்' ரோபோ போட்டிக்குத் தயாரானாள். ஆட்டம் மொத்தம் இரண்டரை நிமிடம். முதல் 30 விநாடி ரோபோ தானாக ஓட வேண்டும். அடுத்த 2 நிமிடம் பிள்ளைகள் ஓட்டலாம். கடைசியில் அது கையை நீட்டி, மேலே உள்ள கம்பியில் கொக்கியை மாட்டி, தரையை விட்டு எழும்பித் தொங்கினால் கூடுதல் புள்ளி. இவர்கள் ரோபோவின் எடை 13 கிலோ.

முதல் கொக்கியைப் பள்ளியின் 3டி பிரிண்டரில் செய்தார்கள். இடியாப்பம் பிழிவதுபோல் பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காக வைக்கும் இயந்திரம் அது. இழுவிசை அந்த அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் விழுந்ததால் பட்டென்று பிளந்துவிட்டது. பேத்தி என்னிடம் வந்தாள். "தடிமனா இரும்புல செய்யுங்க" என்றேன். 10 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்தார்கள். உடையவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் 250 கிராம். இரண்டு கொக்கிக்கு அரைக் கிலோ, அதுவும் கையின் நுனியில். மோட்டாரால் தூக்க முடியவில்லை.

அப்போதுதான் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். 1990களில் என்னிடம் படித்தவர். பத்தாவதோடு நின்று, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவர். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தரையில் சாக்பீஸால் கொக்கி வரைந்தார். "சுமை ஒரு கோட்டுல இழுக்குது, கொக்கியோட முதுகு அதுக்குப் பக்கத்துல தள்ளி நிக்குது. அதனால வாய் விரியப் பார்க்கும். உள்வளைவு இழுபடும், வெளிவளைவு அமுங்கும். உள்வளைவுதான் சார் முதல்ல போகும். கிரேன் கொக்கியைப் பாருங்க, உள்பக்கம் சதை அதிகம், வெளிப்பக்கம் ஒல்லி."

பிறகு பேத்தியிடம் சொன்னார்: "தகட்டோட தடிமனை ரெண்டு மடங்கு ஆக்கினா வலு ரெண்டு மடங்குதாம்மா. வளைவுல பட்டையோட அகலத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா நாலு மடங்கு. எடை ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் ஏறும்."

இது எனக்குத் தெரிந்த சூத்திரம்தான். தெரிந்திருந்தும் தடிமனைக் கூட்டச் சொன்னவன் நான்.

6061-டி6 ரக அலுமினியத்தில் செய்யலாம் என்றார். சாதாரண இரும்புக்குச் சமமான வலு, மூன்றில் ஒரு பங்கு எடை. வெல்டிங் வேண்டாம், சூட்டில் இந்த ரகம் வலுவிழக்கும் என்றார். 3 மில்லிமீட்டர் தகடு இரண்டைச் சேர்த்து ரிவிட் அடித்தார். உருக்கு ஆலைகளில் கொதிக்கும் இரும்பு நிறைந்த லேடிலைத் தூக்கும் பெரிய கொக்கிகளும் இப்படித் தகடு தகடாகச் சேர்த்தவைதானாம். ஒரு தகட்டில் விழும் விரிசல் அடுத்ததற்குத் தாவாது. வயிற்றில் 14 மில்லிமீட்டர் அகலம், நுனிக்குப் போகப் போகக் குறுகல்.

உள்வளைவில் ரம்பத்தின் கீறல் ஒன்றுகூட இருக்கக் கூடாது, விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும் என்று அரம் போட்டுக்கொண்டே கேட்டார்: "இதை உங்ககிட்ட ஒரு தடவை கேட்டேன் சார். ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"அப்பா லோடு ஏத்துற வேலை பார்த்தார். செயின் பிளாக் கொக்கி விரிஞ்சு இரும்பு அவர் கால்ல விழுந்துச்சு. மறுவாரம் வகுப்புல, 'கொக்கி எங்கே சார் முதல்ல விரியும்'னு கேட்டேன். 'பாடத்துல இல்லாததைக் கேட்காதே, உட்காரு'ன்னீங்க." கோபமாகச் சொல்லவில்லை. அரத்தூளை ஊதிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

நான் அப்படிச் சொல்லியிருப்பேன். பாடத்தில் இல்லை என்பது உண்மைக் காரணம் அல்ல. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று அந்த வயதில் வகுப்பில் சொல்ல வெட்கம். அவருடைய அப்பாவுக்கு அடிபட்டதைக்கூட நான் விசாரிக்கவில்லை. பேத்தி முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்று டீ வாங்கிவரச் சொன்னார்.

புதிய கொக்கி 35 கிராம். வீட்டில் ஒரே ஒரு கொக்கியில் 26 கிலோ அரிசி மூட்டையை, அதாவது ரோபோவின் எடையைப் போல இரண்டு மடங்கை, இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். ஒன்று நழுவினாலும் மற்றது தாங்க வேண்டுமே. கொக்கியின் வாயை முதலிலேயே காகிதத்தில் வரைந்து வைத்திருந்தாள் பேத்தி. காலையில் வைத்துப் பார்த்தாள். கோடு மாறவில்லை.

போட்டியில் பரிசு வரவில்லை. ரோபோ தொங்கியது. அந்த வீடியோவை முதலில் கும்மிடிப்பூண்டிக்குத்தான் அனுப்பினோம்.

என் மாணவர்களே, உங்களில் எத்தனை பேரை அப்படி உட்கார வைத்தேனோ தெரியாது. அந்தக் கேள்வி இன்னும் நினைவில் இருந்தால் இங்கே எழுதுங்கள். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, சேர்ந்து தேடுவோம்.