மேட்டுக் குறிப்புகள்: துருக்கியர்

'துருக்கர் படையெடுப்பு' என்றால் பள்ளிப் பாடத்தில் முதலில் வருவது 1311. மாலிக் காபூர் மதுரை வரை வந்த ஆண்டு. ஆனால் அவர் துருக்கியரே அல்ல. 1299 குஜராத் படையெடுப்பில், கம்பாயத் துறைமுகத்தில், டில்லிப் படையிடம் அடிமையாகச் சிக்கியவர். 1335 வாக்கில் மதுரையில் தன்னையே சுல்தானாக அறிவித்துக்கொண்ட ஜலாலுதீன் அசன் ஷா, இன்றைய ஹரியானாவின் கைத்தல்காரர். பின்னால் ஆண்ட கியாசுதீன் தமகானியின் பெயரிலேயே ஈரானின் தம்கான் ஊர் இருக்கிறது. துருக்கிய வம்சம் டில்லி அரியணையில் இருந்தது. இங்கே வந்தது அதன் படையும் ஆணையும்தான்.

*

இதைவிட முக்கியமான செய்தி அமீர் குஸ்ருவிடம் இருக்கிறது. அப்பா துருக்கியர், அம்மா இந்தியப் பெண். காபூரின் தென்னகப் படையெடுப்பை 'கஜாயினுல் புதூஹ்' என்ற பாரசீக நூலில் எழுதிவைத்தார். அதில் ஓரிடம்: பாண்டியப் படையில் முஸ்லிம்களும் இருந்தார்கள். டில்லிப் படைக்கு எதிராக நின்றவர்கள். பிறகு காபூரிடம் வந்து சேர்ந்தபோது, அவர்கள் பாதி இந்துக்கள் போலத்தான் வாழ்கிறார்கள், மார்க்க ஒழுக்கம் போதாது என்று குஸ்ரு குறைப்படுகிறார். கலிமா சொல்லத் தெரிந்ததால் உயிரோடு விட்டார்களாம்.

இந்த ஒரு பத்தியை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். டில்லிப் படை வந்தபோதே இந்தக் கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். பாண்டியன் பக்கம் நின்றார்கள். படையெடுப்பு கொண்டுவந்து இறக்கிய கூட்டம் அல்ல அவர்கள். நம் ஊர்ப் பேச்சில் அவர்களுக்கு ஒட்டிக்கொண்ட 'துலுக்கர்' என்ற பெயரோ, அவர்கள் எதிர்த்து நின்ற படையின் பெயர்.

*

இந்தக் கரை முஸ்லிம்கள் எப்படி வந்தார்கள் என்பதை எங்கள் காரைக்கால் மேட்டில் படகு தள்ளுகிற யாரும் சொல்லிவிடுவார்கள், புத்தகம் வேண்டாம். சோழகம் அடித்தால் தெற்கிலிருந்து கரையோரமாக மேலே ஏறலாம். வாடை விழுந்தால் திரும்பி இறங்கலாம். பாய்மரக் காலத்தில் ஒரு காற்றில் வந்தவர் மறு காற்று வரை இங்கேயே தங்கியாக வேண்டும். தங்கிய மாதங்களில் கல்யாணம், குழந்தை, தமிழ். காயல்பட்டினம், நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை என்று கரை நெடுக மரைக்காயர் குடும்பங்கள் வேரூன்றியது இப்படித்தான். புல்வெளியில் குதிரையேறி வளர்ந்த துருக்கியக் கூட்டங்களுக்கும் இந்த வரலாற்றுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

*

மத்திய ஆசியாவிலிருந்து நம் காரைக்காலுக்கு உண்மையில் வந்தவர் என்று ஊர் சொல்வது ஒருவரைத்தான்: மஸ்தான் சாகிபு வலியுல்லா. சையது தாவூத் புகாரி என்பது பெயர். புகாராவிலிருந்து வந்தவர் என்பது தர்காவின் வழிவழிச் செய்தி. புகாரா துருக்கிய வம்சங்கள் ஆண்ட நகரம். கடைத்தெருவில் பேசியதோ பாரசீகத்தின் கிளையான தாஜிக் மொழி. எது துருக்கி, எது பாரசீகம் என்று அங்கேயே கோடு கிழிக்க முடியாது. கந்தூரியின்போது கண்ணாடி ரதம் தெருத்தெருவாக வரும். வேண்டுதல் வைத்தவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், வாசலில் நின்று வணங்குவார்கள்.

*

ஸ்ரீரங்கத்துத் துலுக்க நாச்சியார்: கதைப்படி டில்லி பாதுஷாவின் மகள், அரங்கன் மேல் காதல் கொண்டு பின்னாலேயே வந்தவள். சந்நிதியில் சிலை இல்லை, சுவரில் ஓவியம்தான். பெருமாளுக்கு அவள் பொருட்டு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம், இடுப்பில் கைலி. படையெடுப்பில் அவ்வளவு இழந்த கோயில், எதிரியின் மகளுக்கு உள்ளே இடம் கொடுத்து அவள் வீட்டுச் சாப்பாட்டையும் மடைப்பள்ளியில் செய்கிறது. நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

*

தொப்பி. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

டவுனில் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படம் பார்த்தேன். மாப்பிள்ளை தலையில் துருக்கித் தொப்பி. மேலே தட்டையாக, கீழே கொஞ்சம் அகன்று, உச்சியிலிருந்து கறுப்புப் பட்டுக்குஞ்சம் வலது காதுப் பக்கம் விழுகிறது. படம் கறுப்பு வெள்ளை. பிற்பாடு யாரோ வண்ணம் தீட்டியபோது தொப்பிக்கு மட்டும் அடர்சிவப்பை அழுத்திப் பூசியிருக்கிறார்கள். தாடை பக்கம்கூட அந்தச் சிவப்பு லேசாக வழிந்திருக்கிறது. அந்த வீட்டில் தொப்பிக்கு இருந்த மதிப்பு அதிலேயே தெரிந்தது.

அந்தத் தொப்பிக்கு 'பெஸ்' என்ற பெயர் வந்தது மொராக்கோவின் பெஸ் நகரத்தால். 1829-இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத், தலைப்பாகையை விலக்கி அரசு ஊழியர் எல்லாருக்கும் இதையே விதித்தார். மார்க்க அறிஞர்களுக்கு மட்டும் விலக்கு. யார் எந்த மதம், எந்தப் பதவி என்பது தலைப்பாகையைப் பார்த்தாலே தெரிந்த காலம் அது. அந்த வித்தியாசம் தெரியக் கூடாது என்பது அவர் நோக்கம். பெருமளவு செய்து அனுப்பியதோ ஆஸ்திரியத் தொழிற்சாலைகள். 1908-இல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டதும் இஸ்தான்புல் துறைமுகத் தொழிலாளிகள் ஆஸ்திரியச் சரக்கை இறக்க மறுத்தார்கள். ஜனங்கள் சிவப்புத் தொப்பியைக் கழற்றி வீசினார்கள்.

நம் பக்கம் அது வேறு கதை. முதல் உலகப்போரில் துருக்கி தோற்றதும், கலீபாவான உஸ்மானிய சுல்தானுக்கு ஆதரவாகக் கிலாபத் இயக்கம் கிளம்பியது. 1920 ஆகஸ்டில் காந்தியும் சௌகத் அலியும் தமிழ்நாடு வந்து பேசினார்கள். கலீபாவுக்கு ஆதரவு என்பது வெள்ளைக்காரனுக்கு எதிர்ப்பு என்றும் ஆனது. தலையில் தொப்பி அணிவதே ஒரு நிலைப்பாடு. பிறகு 1924 மார்ச் 3-ஆம் தேதி கிலாபத்தை ஒழித்தது துருக்கியின் சொந்த நாடாளுமன்றம். 1925 நவம்பரில் அதன் அதிபர் கமால் பாட்சா தொப்பிக்கும் தடை போட்டார். அங்கே அது குற்றமான பிறகும் தமிழ்நாட்டில் கல்யாண மாப்பிள்ளைகள் பல்லாண்டு அதை அணிந்தார்கள். கீரனூர் ஜாகிர்ராஜா தம் நாவல் ஒன்றுக்கு 'துருக்கித் தொப்பி' என்றே பெயர் வைத்தார்.

அதே கமால் பாட்சாவைச் சுயமரியாதை இயக்கம் சீர்திருத்தக்காரராகக் கொண்டாடியது. 1931 டிசம்பரில் கிளம்பிய வெளிநாட்டுப் பயணத்தில் பெரியார் துருக்கியையும் பார்த்தார். ஒரே நாட்டில் இரண்டு தரப்பும் இரண்டு துருக்கிகளைப் பார்த்திருக்கின்றன.

*

மொழி. துருக்கியில் 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெரிம்' என் வீடுகள், 'எவ்லெரிம்தெ' என் வீடுகளில். ஒட்டுக்கு மேல் ஒட்டு, வினை கடைசியில். 'வந்த ஆள்' என்று நாம் பெயரெச்சத்தில் சொல்வதை அவர்களும் 'கெலென் அதம்' என்று அப்படியே சொல்கிறார்கள். கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளை, துருக்கியும் அடங்கிய 'சித்திய'க் குடும்பத்தோடு உறவுபடுத்தப் பார்த்தார். இன்றைய மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்பதில்லை, எனக்கும் ஏற்பில்லை. உலகத்தில் ஒட்டுநிலை மொழிகள் எத்தனையோ. அமைப்பு ஒத்துப்போனால் ரத்த உறவு என்று ஆகாது.

*

எர்துருல் என்ற துருக்கித் தொலைக்காட்சித் தொடர் பார்க்கிற கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், நம்ம முன்னோருங்களும் ஓகுஸ் கூட்டம்தானா? காயி கோத்திரமா?" அவன் கண்ணில் இருந்த ஆசையை நான் அலட்சியப்படுத்தவில்லை. வாளும் குதிரையும் கூடாரமும் யாரைத்தான் ஈர்க்காது?

"இல்லப்பா" என்றேன். துருக்கிய மக்கள் எல்லாரும் முஸ்லிம்களும் அல்ல என்றேன். வோல்கா பக்கம் சுவாஷ் மக்கள், மால்டோவாவில் ககௌஸ் மக்கள், இரு சாராரும் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். தூவாவில் புத்தம். லித்துவேனியாவின் கராயிம்கள் யூத வேதம் ஓதுகிறார்கள். சைபீரியாவின் சகா மக்கள் கோடையில் குதிரைப்பால் கள்ளை வானத்துக்குத் தெளித்து விழா எடுக்கிறார்கள். கல்வெட்டாகக் கிடைத்திருக்கும் பழைய துருக்கி, மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் எட்டாம் நூற்றாண்டில் வெட்டியது. அதில் வணங்கப்படுவது வானம்.

பையன் யோசித்துவிட்டு, "அப்ப நாம யாரு சார்?" என்றான்.

அவனுக்கு எழுதித் தர, இந்தக் கரை முஸ்லிம்கள் கடல் கடந்து போய்க் கட்டியவற்றின் பட்டியல் ஒன்று தொடங்கியிருக்கிறேன். பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சிங்கப்பூரில் 1830 வாக்கில் கட்டிய நாகூர் தர்கா. சைகோனில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல். பிரெஞ்சுக் காலத்தில் காரைக்காலிலிருந்து சைகோனுக்குக் கப்பலேறிப் போனவர்களின் குடும்பங்கள் டவுனில் இன்னமும் இருக்கின்றன. அங்கே போய்க் கடிதங்களும் பழைய பாஸ்போர்ட்டும் இருக்கிறதா என்று அவனே கேட்டு வரட்டும்.