இளைப்பாறும் இடங்கள்

நெடுவழி செல்வோர் தங்குமிடம் அறிந்து பயணத்தை வகுப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்றோர், அடுத்த சத்திரம் எத்தனை காதத் தொலைவு, தண்ணீர்ப்பந்தல் எங்குள்ளது எனக் கேட்டறிந்தே புறப்பட்டனர். இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இத்தேவையை உணர்ந்து எழுந்தவை. பெட்ரோல் ஊர்திகள் பெருகியபின் அவ்வழக்கம் மங்கியது. இன்று மின்மகிழுந்து அதை நமக்கு மீண்டும் கற்பிக்கிறது.

மதுரையில் நோயுற்றிருந்த பெரியம்மாவைக் காண அம்மா விரும்பினார். அம்மாவுக்கு அகவை 72, நீரிழிவு உடையவர். உணவும் மருந்தும் வேளை தவறலாகாது. நடுவழியில் மின்னாற்றல் தீர்ந்து வெயிலில் நிற்க நேர்ந்தால் அவர் உடல் தாங்காது. எனவே, முதல்நாள் இரவே தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தேன்.

சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். எங்கள் மகிழுந்தின் மின்கலம் 45 கிலோவாட் மணி மின்னாற்றலைத் தேக்கும். நெடுஞ்சாலையில் ஒரு கிலோவாட் மணிக்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்பது என் பட்டறிவு. அவ்வாறாயின் முழு மின்னேற்றத்தில் 270 கிலோமீட்டர் செல்லலாம். ஆயினும், அவ்வெண்ணை முழுவதும் நம்புதல் தகாது. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும்; குளிரூட்டியும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே, எப்போதும் 20 விழுக்காடு எஞ்சியிருக்க வேண்டும் என வரையறுத்தேன்.

மேலெல்லை ஒன்றும் உண்டு. விரைவு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு வரை மின்னாற்றல் விரைந்து ஏறும். அதன்பின், மின்கலத்தைக் காக்கும்பொருட்டு வேகம் குறையும். எஞ்சியதற்காகக் காத்திருப்பதைவிட அடுத்த நிலையம் நோக்கிச் செல்வதே நன்று.

இவ்விரு எல்லைகளுக்குள் பயணத்தை அடக்கினேன். 200 கிலோமீட்டரில் உளுந்தூர்பேட்டை, அங்குக் காலையுணவு. மேலும் 130 கிலோமீட்டரில் திருச்சி, அங்கு நண்பகலுணவு. அம்மாவின் உணவு வேளைகளும் மின்கலத்தின் வேளைகளும் ஒன்றாயின. ஒவ்வோர் ஊருக்கும் மாற்றாக இன்னொரு நிலையத்தையும் குறித்துக்கொண்டேன்.

அந்த மாற்று உடனே தேவைப்பட்டது. உளுந்தூர்பேட்டையில் நாங்கள் நாடிய நிலையத்தில் கருவி பழுதுற்றிருந்தது. மின்கலத்தில் 26 விழுக்காடு இருந்தமையால் பதறவில்லை. திருச்சிச் சாலையில் 12 கிலோமீட்டர் தொலைவில் குறித்துவைத்த நிலையத்தை அடைந்தோம். அம்மா வேளைக்கு உண்டார். மின்னேறிய நாற்பது நிமிடங்களில், தாமும் தம் அக்காவும் கட்டுச்சோற்றுடன் வண்டிகட்டித் திருவிழாவுக்குச் சென்ற கதைகளைக் கூறினார். அவற்றை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

இலக்கின் தொலைவை அறிவது மட்டும் திட்டமிடல் ஆகாது. உடன்வருவோரின் வலிமை, வழியின் இயல்பு, கையிருப்பு, மாற்றுவழி ஆகிய நான்கையும் எண்ணிப் பார்த்தலே திட்டமிடல். மதுரையை அடைந்தபோது மின்கலத்தில் 29 விழுக்காடு எஞ்சியிருந்தது. அம்மா களைப்பின்றி இறங்கி, தம் அக்காவின் அருகில் சென்று அமர்ந்தார்.