கிடையில் ஒரு ராத்திரி

‘காட்டுப்பன்றிக்குப் பயந்து கடலை வயலிலேயே காவல் படுக்கிறோம். லீவுக்கு வந்த பிள்ளைகளும் கூடவே வருவோம் என்று அடம்பிடிக்கிறார்கள். வயலில் வசதியாகத் தங்க என்ன செய்யலாம்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கடையில் விற்கிற கூடாரத்தைப் பற்றி எழுதலாம்தான். ஆனால் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆட்டுக்கிடையில் தங்கிய ராத்திரி.

வேலையில் சேர்ந்த புதிது. சித்திரை மாதம். உளுந்து எடுத்த வயலில் கிடை போட்டிருந்தார்கள். பார்க்கப் போனவன் பேச்சு சுவாரஸ்யத்தில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். சிவகங்கைப் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டி வந்திருந்த கீதாரி, “இங்கனயே படுங்க சார்” என்றார்.

இருட்டுவதற்குள் எல்லா வேலையும் முடிந்துவிட்டது. ஆடுகளைச் சுற்றி வலை கட்டியாயிற்று. குட்டிகள் கொடாப்புக்குள். படுக்கிற இடத்துக்கு வயலின் மேட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வரப்பிலிருந்தும் வைக்கோல் போரிலிருந்தும் நன்றாகத் தள்ளி. வரப்பில் எலி வளை இருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மேட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் போய்த் தேங்கும். தை, மாசியில் காவல் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மரத்தடியில் பனி குறைவுதான். ஆனால் தலைக்கு மேலே பட்ட கிளையோ காய்ந்த மட்டையோ இருக்கக் கூடாது.

காற்று போகிற பக்கம் அடுப்பு. கீதாரியின் சம்சாரம் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கினார். சாப்பிட்ட இடத்தில் ஒரு பருக்கை விடாமல் கூட்டி, மீந்த சோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டுக் கம்பில் தொங்கவிட்டார். அடுப்புத் தணலில் வேப்பிலையும் நொச்சியும் போட, கொசு கொஞ்சம் விலகியது. அரிக்கேன் விளக்கைப் பத்துப் பன்னிரண்டு எட்டு தள்ளி நட்டிருந்தார்கள். “தலைமாட்டுல வச்சா பூச்சியும் தலைமாட்டுக்குத்தான வரும்” என்றார் கீதாரி. பட்டப்படிப்பில் விளக்குப் பொறியைப் பற்றிப் பரீட்சை எழுதியவன் நான், இது தோன்றவில்லை.

வயல்காரர் வீட்டிலிருந்து இரண்டு கயிற்றுக் கட்டில் வந்திருந்தது. ஒன்றில் கீதாரியின் இரண்டு பிள்ளைகள். இன்னொன்று எனக்காம். சங்கோஜப்பட்டுக்கொண்டு, சாக்கை விரித்துத் தரையில் படுக்கிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

“எங்க அண்ணன் மகன் தரையில படுத்தவந்தான் சார். கடிச்சதே தெரியல. விடியக்காலம் வயித்துவலின்னான். கஷாயம் வச்சுக் குடுத்தோம்...” அதற்கு மேல் சொல்லவில்லை.

கட்டுவிரியன் அப்படித்தான். ராத்திரியில் நடமாடும். தூங்குகிறவரைக் கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. தரையில் படுத்து எழுந்தவருக்கு வயிறு வலித்தாலோ, இமை தானாகச் சரிந்தாலோ, பேச்சு குழறினாலோ கஷாயம், மந்திரம், கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

நான் கட்டிலில்தான் படுத்தேன். கீதாரி டார்ச்சோடு கிடையைச் சுற்றி வந்தார். புழுக்கை வாடை முதலில் மூக்கில் ஏறியது, கொஞ்ச நேரத்தில் மறந்தே போயிற்று. அத்தனை ஆடுகளும் அசை போடுகிற சத்தம் தூரத்துத் தூறல் மாதிரி இருந்தது. அன்றைக்குப் போல வீட்டு மெத்தையில்கூட நான் தூங்கியதில்லை. (கிடை எழுந்த வயலைக் காலையிலேயே உழுதுவிடுங்கள். காயவிட்டால் மூத்திரத்திலுள்ள தழைச்சத்து ஆவியாகிவிடும்.)

வாசகருக்கு வருகிறேன். கடைக் கூடாரம் வாங்கினாலும் பரவாயில்லை, மூடிய கூடாரத்துக்குள் கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள். அந்தப் புகைநச்சு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். பன்றிக்காக அக்கம்பக்கத்தில் யாராவது மின்கம்பி இழுத்திருக்கிறார்களா என்று பகலிலேயே விசாரியுங்கள். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம், இருட்டில் ஒதுங்கப் போகிற பிள்ளைக்கு அது தெரியாது. டார்ச்சும் செருப்பும் கட்டிலுக்கு மேலேயே இருக்கட்டும். கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள்.

பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் கட்டிலில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறதோ, அத்தனை பேர் மட்டும்.