கோரையை விரட்ட நாலு சித்திரை!

‘கோரைக்கு என்ன மருந்து அடிக்கலாம்?’ கேள்வி-பதில் பகுதியில் அடிக்கடி பார்க்கும் கேள்வி இது. எங்கள் வீட்டிலும் சில வருடம் ஓயாமல் இதே பேச்சுதான். இன்று எங்கள் கீரைப் பாத்திகள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கின்றன. மருந்து எதுவும் அடிக்கவில்லை. ஆனால், நாலு வருடம் ஆனது. எங்களைப்போல சென்ட் கணக்கில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், சேயாற்றங்கரையில் இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய மாகறலீஸ்வரர் கோயில் உள்ள ஊர். வீட்டுக்காரருக்குப் பட்டுத்தறி. வீட்டுக்குப் பின்னால் கிணற்றோடு 20 சென்ட் நிலம். அதில் நானும் என் மாமியாரும் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை போட்டு, காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். சேலை அறுத்துக் கொடுத்துக் கூலி கைக்கு வர நாளாகும். மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க முடியாமல் தறியே நின்றுவிடும். அப்போது வாரா வாரம் வீட்டுக்குக் காசு வருவது இந்தப் பாத்திகளிலிருந்துதான்.

2017-ல் ஏரி வண்டல் எடுக்க அனுமதி கிடைத்தபோது, மாமனார் ஐந்து டிராக்டர் வண்டல் அடித்தார். மண் நன்றாகவே மாறியது. கூடவே கோரைக் கிழங்கும் வந்து சேர்ந்தது. மூன்றே வருடத்தில் பாத்திக்குப் பாத்தி கீரையைவிடக் கோரை அதிகமாகிவிட்டது. கட்டில் நாலு கோரைத் தாள் கலந்திருந்தால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார்.

களை எடுக்க எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டு நெய்கிறவர் கை வழவழப்பாக இருக்க வேண்டும். விரல் வெடித்துச் சொரசொரப்பாகிவிட்டால் இழை சிக்கும், சேலை கெடும். அதனால், வீட்டுக்காரரைக் களைக்கொத்து பிடிக்கச் சொல்ல முடியாது. ஆள் வைத்தால் கீரை விற்ற காசு கூலிக்கே போய்விடும். அத்தைக்கு முட்டி வலி. 2021 பொங்கல் சமயத்தில், கீரையை விட்டுவிட்டு நிலத்தை யாருக்காவது குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

உரக்கடையில் கேட்டபோது, “அக்கா, ரெண்டு டேங்க் கிளைபோசேட் அடிங்க, கருகிடும்” என்றார்கள். கீரை நிற்கும் பாத்தியில் அதை அடித்தால் கீரையும் சேர்ந்து சாகும். பக்கத்திலேயே கிணறு. அதோடு, அந்த மருந்து இலை வழியாக இறங்கி, முளைவிட்டிருக்கும் கிழங்கைத்தான் கொல்லும். மண்ணுக்குள் தூங்கும் கிழங்குகளுக்குப் போய்ச் சேராது. பிறகு அவை முளைத்து வரும், திரும்ப அடிக்க வேண்டும். அடுத்த வருடமே, 2022 அக்டோபரில், கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாகத்தான் அடிக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது.

கோரையைப் பற்றித் தெரிந்துகொண்டால் வேலை பாதி குறையும். புல் மாதிரி இருந்தாலும் இது புல் இனமில்லை. தண்டை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினால் மூன்று பட்டை தெரியும். அருகம்புல் தண்டு உருண்டையாக இருக்கும். அருகு கொடி ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும். கொடியைத் துண்டு விடாமல் கிளறி எடுத்துக் காயப்போட்டால் அடங்கும். காஞ்சிபுரத்தில் பிள்ளையார் கோயில் வாசலில் கட்டு கட்டி விற்கவாவது உதவும்.

கோரை அப்படி இல்லை. விதையைவிடக் கிழங்கில்தான் பரவுகிறது. தாளுக்குக் கீழே ஒரு குமிழ், அதிலிருந்து கம்பி போல ஒரு வேர்த்தண்டு, அதன் முனையில் கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று ஜெபமாலை மாதிரி மண்ணுக்குள் கோத்துக்கொண்டு போகும். முன்னால் உள்ள கிழங்கு முளைத்திருக்கும்போது பின்னால் உள்ளவை தூங்கும். தாளைப் பிடுங்கினால் சங்கிலி அறுந்து, தூங்கிய கிழங்குகள் தனித்தனியாக முளைக்கும். ஒன்று பிடுங்கிய இடத்தில் மூன்று வருவது அதனால்தான். 1977-ல் லீராய் ஹோம் என்ற அமெரிக்கக் களையியல் அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் உலகின் மோசமான களைகளைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தில் இதற்குத்தான் முதலிடம்.

ஆனால், இதற்கும் மூன்று பலவீனங்கள் உண்டு. கிழங்கு வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். நிழலில் தாள் நோஞ்சானாகிவிடும். ஒவ்வொரு முறை முளைக்கவும் கிழங்கில் சேர்த்து வைத்த சத்தைச் செலவழிக்க வேண்டும். முளைத்து மூன்று வாரத்துக்குள் வெட்டிவிட்டால், செலவழித்ததைத் திரும்பச் சேர்க்க அதற்கு நேரம் இருக்காது. அந்தச் சேமிப்பு தீரும்வரை விடாமல் வெட்டினால்தான் கோரை ஒழியும்.

20 சென்ட்டையும் ஒரே சமயத்தில் சும்மா போட எங்களால் முடியாது. வாரக் காசு நின்றுவிடும். அதனால், நிலத்தை ஐந்து ஐந்து சென்ட்டாக நாலு துண்டாகப் பிரித்தோம். வருடத்துக்கு ஒரு துண்டு. மற்ற மூன்றிலும் கோரையோடு போராடியபடியே கீரை.

முதல் வேலை சித்திரையில். அந்தத் துண்டுக்கு மாசியிலேயே தண்ணீரை நிறுத்திவிடுவோம். மண் நன்றாகக் காய்ந்ததும் கொத்துக்கலப்பையால் உழுதால் கட்டி கட்டியாகப் பெயரும். கிழங்கு பெரும்பாலும் மேல் அரை அடி மண்ணிலேயே இருக்கும். வாரம் ஒருமுறை கட்டிகளைப் புரட்டிவிட்டு, கண்ணில் பட்ட கிழங்கைப் பொறுக்கினோம். முதல் சித்திரையில் ஐந்து சென்ட்டில் ஆறு அன்னக்கூடை கிழங்கு! எருக்குழியில் போடாமல் களத்தில் காயவைத்தோம். கொஞ்சத்தைக் கழுவி நலங்கு மாவுக்கு எடுத்துக்கொண்டார் அத்தை. ஈர மண்ணில் மட்டும் ரோட்டாவேட்டர் விடக் கூடாது. சங்கிலியைத் துண்டு துண்டாக்கி நிலம் முழுக்க நட்டதாகிவிடும்.

கோடை மழைக்கு மீதிக் கிழங்குகள் முளைக்கும். அவற்றை 15 நாளுக்கு ஒருமுறை, மண்ணுக்குச் சற்றுக் கீழே களைக்கொத்தால் சீவினோம். மூன்று முறை சீவிய பிறகு, ஆடியில் சணப்பு விதைத்தோம். ஐந்து சென்ட்டுக்கு ஒன்றரைக் கிலோ, பசுந்தாள் உரத்துக்குப் போடுவதைவிட நெருக்கம். ஒரு மாதத்தில் தரை தெரியாமல் மூடிக்கொள்ளும். அதன் அடியில் முளைத்த கோரை வெளுத்து ஒல்லியாக நின்றது. சணப்பு பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதோம்.

அதன் பிறகும் உடனே கீரை போடவில்லை. தெளித்த கீரையில் களைக்கொத்து நுழையாது. அதனால், முதலில் வரிசையாக வெண்டை, இடையில் காராமணி. காராமணி தரையை மூடும், வெண்டை வரிசையில் கொத்த இடம் கிடைக்கும். அடுத்த தைக்குத்தான் கீரை. அதையும் இப்போது முக்கால் அடி இடைவெளியில் வரிசை விதைப்பாகவே போடுகிறோம். நின்றபடி சீவ நீளக் காம்பு போட்ட களைக்கொத்து செய்துகொண்டதால், அத்தையாலும் வேலை செய்ய முடிகிறது.

மூடாக்கை மட்டும் நம்பாதீர்கள். கோரையின் முனை ஊசி மாதிரி. வைக்கோலையும் பிளாஸ்டிக் ஷீட்டையும் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். வரப்பையும் வாய்க்காலையும் விட்டுவிட்டால் அங்கிருந்து திரும்ப உள்ளே வரும். பக்கத்துக் கொல்லையில் ஓட்டிய கலப்பையை மண் தட்டிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

2024 சித்திரையில் நாலாவது துண்டை முடித்தோம். முதலில் முடித்த துண்டில் அந்த வருடம் களை எடுக்க எனக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. முன்பு அதே இடத்துக்கு இரண்டு ஆள், இரண்டு நாள் வேண்டும். கோரை அடியோடு போகவில்லை. 15 நாளுக்கு ஒருமுறை பாத்தி பாத்தியாக ஒரு சுற்று வருகிறோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்ணுக்கும் மூன்று பட்டைத் தாள் அடையாளம் தெரியும். பார்த்தால் கிழங்கோடு தோண்டிக் களத்தில் போட்டுவிடுவாள்.

குத்தகைப் பேச்சு நின்றுவிட்டது. போன ஐப்பசியில் தறி மூன்று வாரம் நின்றபோது, வீட்டுச் செலவும் பெண்ணின் பள்ளிக்கூட வேன் கட்டணமும் கீரைக் காசில்தான் நடந்தன. உங்கள் நிலத்திலும் கோரை இருந்தால், வரும் சித்திரையில் முழு நிலத்தையும் தொடாதீர்கள். வீட்டுச் செலவு இடிக்காத அளவுக்கு ஒரு துண்டைப் பிரித்துத் தண்ணீரை நிறுத்துங்கள். அதை முடித்த பிறகு அடுத்ததுக்குப் போகலாம்.